ரங்கனிடமிருந்து ரங்கனிடம் போகும் ரயில்

மைசூர் ஜங்ஷனில் மாலை நேரத்தில் 16232 எண் எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் போதும், பிளாட்பாரத்தில் தஞ்சாவூர்த் தமிழ் காதில் விழும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மைசூரில் பிழைக்க வந்த காவிரிக் கரைக்காரர்களுக்கு இதுதான் வண்டி. முன்பு மயிலாடுதுறையோடு நின்றுகொண்டிருந்தது. 2024-ல் கடலூர் துறைமுகம் வரை நீட்டினார்கள்.

"விமானத்தில் போகலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. மைசூர் மண்டகள்ளி விமான நிலையம் 2010-ல் திறக்கப்பட்டது. அது முதல் அங்கே சேவைகள் வருவதும் நிற்பதுமாக இருந்து வருகின்றன. தவிர, கும்பகோணத்தில் விமானம் இறங்காது. பெங்களூர் தேவனஹள்ளி வரை போய், திருச்சிக்குப் பறந்து, மறுபடி பஸ் பிடித்து வீட்டு வாசலை மிதிப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். ரயில்காரரோ சாப்பிட்டுப் படுத்தால், விழிக்கும்போது சொந்த ஊர்ப் பக்கம்!

மூட்டை விஷயமும் இருக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். போகும்போது மைசூர்பாகும் ஊதுபத்தியும், திரும்பும்போது வெற்றிலையும் காப்பித்தூளும் வடாமும். விமானத்தில் கொப்பரைத் தேங்காய்க்கே தடை!

இரண்டு பாலங்கள்

வண்டி கிளம்பி 14 கிலோமீட்டர் போனதும் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு அது. ஆகவே ரயில் காவிரியை இரண்டு முறை கடக்கிறது. முதல் பாலம் வந்ததும் வயதானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் ஜன்னல் வழியே காசு போடுவார்கள். (இங்கே இரட்டைப் பாதை போட இடைஞ்சலாக இருந்த திப்பு சுல்தானின் வெடிமருந்துக் கிடங்கை, இடிக்காமல் அப்படியே பெயர்த்து 2017-ல் தள்ளி வைத்தார்கள்.)

இங்கே பள்ளிகொண்டிருப்பவர் ஆதிரங்கர். மறுநாள் விடியற்காலையில் திருச்சியில் இறங்கி 1-ஆம் நம்பர் டவுன் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கத்தில் அந்திய ரங்கர். மத்திய ரங்கர் இருக்கும் சிவசமுத்திரத்துக்குத்தான் ரயில் பாதை கிடையாது.

எத்தனை அடி?

இந்த ஆற்றின் பெயரைச் சொல்லித்தான் எத்தனை கண்ணீர்! நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் கர்நாடகத் தமிழர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. இன்றும் ஜூன், ஜூலையில் மழை பிந்தினால் நம்மவர்கள் வெளியில் சற்றுத் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

ஆனால் வண்டிக்குள் வேறு விதம். மண்டியாவில் ஏறும் கன்னட விவசாயி எதிர் சீட்டில் உட்காருவார். மத்தூரில் வடை வரும். வெங்காயமும் ரவையும் சேர்த்துத் தட்டிய, ஆறினாலும் ருசி போகாத வடை. ஒரு பொட்டலம் பிரிந்தால் நாலு பேருக்குப் போகும். பிறகு பேச்சு எங்கே சுற்றினாலும் தண்ணீரில்தான் வந்து நிற்கும். "கே.ஆர்.எஸ்.ஸில் எத்தனை அடி?" என்று இவர் கேட்பார். "மேட்டூரில் எத்தனை?" என்று அவர் கேட்பார். முழுக் கொள்ளளவு அங்கே 124.80 அடி, இங்கே 120 அடி என்பது இருவருக்கும் மனப்பாடம். இவருக்குக் குறுவை, அவருக்குக் கரும்பு. அரைகுறைக் கன்னடமும் அரைகுறைத் தமிழும் கலந்து, பெங்களூர் வரும்வரை பேச்சு ஓயாது. பக்கத்து சீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இது நடக்குமா?

கரூர் தாண்டித் திருச்சி வரை பாதை காவிரியை ஒட்டியே போகிறது. அது இருட்டு நேரம். ஆறு தெரியாது. குளிர்ந்த காற்று வந்ததும் ஜன்னலை இறக்கப் போன கையை நிறுத்திவிட்டு, "காவிரி" என்று சொல்லித் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு.

ஒரே குறை, பண்டிகை நாளில் பெர்த் கிடைப்பதில்லை. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் முன்பதிவு செய்ய முடியும். பொங்கலுக்கு ஊர் போக நினைப்பவர்கள் நவம்பர் பாதியிலேயே காலை 8 மணிக்கு ஜன்னல் முன் நிற்க வேண்டும்.