ஸ்கேனுக்குத் தெரியாத நீலம்

அமெரிக்க அருங்காட்சியகங்கள் கூடி நடத்திய ஓவெர்ட் திட்டம் 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை சி.டி. ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டது. இனியும் ஒரு மீனுக்குச் சாயமேற்றி, தசையைத் தெளியவைத்து, நாள்கணக்கில் காத்திருந்து எலும்பைப் பார்ப்பானேன் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு முறைகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பது என் கட்சி. எக்ஸ் கதிர் அறிவது அடர்த்தியை. கால்சியம் ஏறாத குருத்தெலும்பும் பக்கத்துத் தசையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். சாயமோ பொருளைப் பிரித்தறிகிறது. அல்சியன் நீலம் குருத்தெலும்பைப் பற்றும், அலிசரின் சிவப்பு கால்சியத்தைப் பற்றும். (மேடர் வேர்ச் சாயம் ஊறிய தவிட்டைத் தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை லண்டனில் ஜான் பெல்ச்சியர் 1736இலேயே எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையில் துணியைச் சிவக்கவைத்த சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின்தான்.) பிறகு டிரிப்சின் தசைப் புரதத்தைச் செரிக்கும், காரக் கரைசலில் மிச்சம் தெளியும், கிளிசரினில் இறங்கியதும் உடல் கண்ணாடியாகிவிடும். குஞ்சு மீனின் வாலடியில் நீலக் குச்சிகள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் இடுப்பில் மட்டும் சிவப்பு வளையம் கட்டத் தொடங்கியிருக்கும். எலும்பு உருவாகும் வரிசை அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்த வரிசையால் என்ன லாபம்? மியான்மரின் டானியோனெல்லா டிராகுலா என்ற மீனை 2009இல் ரால்ஃப் பிரிட்ஸும் சகாக்களும் விவரித்தார்கள். நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆணின் வாயில் கோரைப்பல்போல நீண்டிருப்பவை பற்களே அல்ல, தாடை எலும்பின் முளைகள். அதன் உறவான வரிக்குதிரை மீனைவிட 44 எலும்புகள் குறைவு. வளர்ச்சி நடுவழியில் நின்றுபோனதே காரணம் என்றார்கள். எந்த எலும்பு முந்தி வரும், எது பிந்தி வரும் என்று தெரியாமல் இப்படிச் சொல்ல முடியாது. வரிக்குதிரை மீனில் அந்தக் கணக்கு சாயமேற்றிய குஞ்சுகளைப் பார்த்து எழுதப்பட்டது.

அயோடினில் ஊறவைத்தால் மென்திசுவும் ஸ்கேனில் தெரியுமே என்பார்கள். தெரியும்; ஆனால் அதுவும் சாயமேற்றுவதுதானே, அதுவும் திசுவைச் சுருக்குகிற சாயம். மாதிரி பாழாகிறது என்பது வலுவான ஆட்சேபம். செரித்த தசை திரும்பாது. ஆகவே ஓர் இனத்தின் பெயருக்கே சான்றாக இருக்கும் ஒற்றை மாதிரியில் கைவைக்கவே கூடாது. என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. அல்சியன் நீலத்தை வழக்கமாக அமிலத்தில் கரைக்கிறார்கள்; பொடி மீன்களில் அந்த அமிலமே கால்சியத்தை அரித்துவிடும். சிவக்காத எலும்பை இல்லாத எலும்பென்று எழுதிவிட வாய்ப்புண்டு. அமிலத்துக்குப் பதில் மெக்னீசியம் குளோரைடைச் சேர்க்கும் முறை 2007இல் வந்தது இதனால்தான். அமிலமாகிப்போன பழைய ஃபார்மலினில் கிடந்த மீனுக்கு மட்டும் இந்த மாற்று உதவாது. அதை ஸ்கேனுக்கு அனுப்பியும் பயனில்லை. கால்சியம் கரைந்த எலும்பு அங்கும் தெரியாது.