கன சென்டிமீட்டரும் கப்பல் டன்னும்

2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் சரக்கை இருபதடிக் கொள்கலன் கணக்கில் எண்ணுகிறார்கள். அதே மாவட்டத்தின் அஞ்சுதெங்கில் தென்னை நார்க் கயிறு கட்டுபவரிடம் இருப்பதோ சென்டிமீட்டர் நாடா. ஏற்றுமதி செய்யும் எம் வாடிக்கையாளர்கள் இடையிலுள்ள கணக்கை அறிவது நலம்.

60 × 50 × 40 செ.மீ. கட்டின் கன அளவு 1,20,000 கன செ.மீ. பத்து லட்சத்தால் வகுத்தால் 0.12 கன மீட்டர். 25 கட்டுகளுக்கு 3 கன மீட்டர். கட்டு ஒன்றுக்கு 16 கிலோ எனில், மொத்த எடை 400 கிலோவே. பிறர் சரக்குடன் ஒரே கொள்கலனில் அனுப்புகையில், ஒரு கன மீட்டரை ஒரு டன்னாகக் கொண்டு, எடை, கன அளவு இரண்டில் மிகுந்ததற்கே கட்டணம் கணக்கிடுவது வழக்கம். ஆகவே 0.4 டன் கயிற்றுக்கு 3 டன் கட்டணம்! உயரத்தை 30 செ.மீ. ஆக இறுக்கிக் கட்டினால் 2.25 டன்னுக்குச் செலுத்தினால் போதும்.

40 கன அடியை, அதாவது 1.133 கன மீட்டரை, ஒரு டன் என்னும் பழைய வழக்கும் உண்டு. விலைப்புள்ளியில் உள்ளது எந்த டன் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடனுறுதிக் கடிதத்தின் பேரில் பணம் பெறுவோர் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். பேக்கிங் பட்டியலில் 3 கன மீட்டர் என்றும், பில் ஆஃப் லேடிங்கில் 3.3 என்றும் இருந்தால், அதனை முரண்பாடாகவே நாங்கள் குறிக்க நேரிடும், பணமும் தாமதமாகும்.