எந்த டிராக்டர் நல்ல டிராக்டர்?

ஒரே விலையும் ஒரே குதிரைத்திறனும் கொண்ட இரண்டு டிராக்டர்களை ஓர் உழவரின் முன்னே நிறுத்துங்கள். சற்று நேரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அவர் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "நம்ம காட்டுக்கு இதுதான் ஆகும்" என்பார். ஏன்? சிவப்பா, நீலமா என்று வண்ணத்தைப் பார்த்தா சொன்னார்? இல்லை. அவர் சொல்லில் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

கரிசலின் குணம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் மானாவாரி வேளாண்மையே மிகுதி. அங்குள்ள கரிசல் மண்ணில் களிமண் அதிகம். நீர் பட்டால் அது உப்பிப் பசைபோல் ஒட்டும். காய்ந்தால் சுருங்கி, வெடித்து, கல்லாக இறுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில்தான் உழவும் விதைப்பும் நடக்க வேண்டும். அந்தப் பதம் சில நாட்களே நிற்கும்.

குதிரைத்திறன் மட்டும் போதுமா?

ஒரு கணக்குப் போடுவோம். கலப்பையை இழுக்க 8,000 நியூட்டன் விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் வேகத்தில் செல்கிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 8,000 × 1.4 = 11,200 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். எனவே தேவை 15 குதிரைத்திறன்தான்!

அப்படியானால் 40 குதிரைத்திறன் டிராக்டரை ஏன் வாங்குகிறார்கள்? பல்சக்கரங்களின் உராய்விலும், மண்ணில் புதைந்து உருளும் சக்கரங்களிலும், அவற்றின் நழுவலிலும் திறனில் ஒரு பெரும்பங்கு வீணாகிறது. அன்றியும், கலப்பை திடீரென இறுகிய கட்டியில் மாட்டலாம். அப்போது எஞ்சினின் சுழல்வேகம் குறையும். நல்ல எஞ்சினில், வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஓரளவு கூடும். வண்டி முனகிக்கொண்டே கடந்துவிடும். இந்தச் சேமிப்பு குறைவாக உள்ள எஞ்சின் நின்றுவிடும். குதிரைத்திறன் சமமாக இருந்தாலும் இரண்டு டிராக்டர்கள் வேறுபடுவது இங்கேதான்.

சக்கரம் நழுவினால்

எஞ்சின் எவ்வளவு வலியதானாலும், சக்கரம் மண்ணைப் பற்றாவிட்டால் பயனில்லை. இதை நீங்களே அளக்கலாம். பெரியவர்களின் துணையோடு, பாதுகாப்பான தொலைவில் நின்று, பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் இடப்பட்ட குறியைக் கவனியுங்கள். கலப்பை இறக்காமல் கெட்டித் தரையில் 10 சுற்றுக்கு வண்டி 40 மீட்டர் செல்கிறது. உழும்போது அதே 10 சுற்றுக்கு 34 மீட்டர்தான் செல்கிறது என்றால், 6 மீட்டர் நழுவலில் போயிற்று. இது 15 விழுக்காடு. நழுவல் இதைவிட மிகுந்தால் டீசலும் டயரும் வீணாகும். பின்சக்கரத்தின்மேல் போதிய எடை இருந்தால் பிடிப்பு கூடும்.

பெர்குசன் கண்ட வழி

எடையைக் கூட்டினால் வண்டியே பாரமாகி மண்ணை அழுத்திவிடும் அல்லவா? அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் இதற்கு ஒரு வழி கண்டார். கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்தார். மண் இறுகும்போது மேற்கம்பியில் தள்ளுவிசை கூடுகிறது. அதை உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கி கலப்பையைச் சற்றே உயர்த்துகிறது. கலப்பையின் பாரம் பின்சக்கரத்துக்கு மாறுகிறது, பிடிப்பு கூடுகிறது. இந்த முறையில் அமைந்த டிராக்டர் 1936இல் விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்ய 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. துர்காப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வடிவமைக்கப்பட்ட சுவராஜ் 1974இல் வெளிவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா டிராக்டரிலும் முப்புள்ளி இணைப்பு உண்டு.

மழை காத்திராது

அப்படியானால், தேர்வை முடிவுசெய்வது எது? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மல்லி விதைக்க ஊரே ஒரே வாரத்தில் டிராக்டர் தேடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சிறு உதிரிப்பாகம் உடைந்து, அது வந்துசேர ஐந்து நாள் ஆனால் ஈரம் போய்விடும். சொந்த நிலத்தின் விதைப்பும் போகும். வாடகை உழவின் வருமானமும் போகும். கடனில் வாங்கிய வண்டியென்றால் தவணை மட்டும் நிற்காது.

ஆகவே உழவர் கேட்கும் முதல் கேள்வி, "இதன் சாமான் அருப்புக்கோட்டையில் கிடைக்குமா? நம்ம ஊர் மெக்கானிக்குக் கைப்பழக்கம் உண்டா?" என்பதுதான். ஒரு வட்டாரத்தில் ஒரே வகை பல இருந்தால், பாகங்களும் கிடைக்கும். பழுது பார்ப்பவரும் கிடைப்பார். பின்னாளில் விற்றாலும் விலை போகும். அதனால் மேலும் பலர் அதையே வாங்குவர்.

தஞ்சைச் சேற்று வயலுக்குச் சென்றால் கேள்விகள் மாறும். அங்கே வண்டி புதையாமல் இலகுவாக இருக்க வேண்டும்; சேறு புகாதபடி எண்ணெயில் மூழ்கிய பிரேக் இருப்பது நல்லது.

எல்லா மண்ணுக்கும் ஏற்ற ஒரே டிராக்டர் இல்லை. உங்கள் ஊரில் எந்த வகை அதிகம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதை வாங்கியவரிடம் காரணம் கேளுங்கள். மண்ணைப் பற்றி எத்தனை காரணம், எஞ்சினைப் பற்றி எத்தனை, மெக்கானிக்கைப் பற்றி எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் ஊரின் வேளாண்மையே அந்தப் பட்டியலில் தெரியும்.