எலிக்குக் குறைந்த சர்க்கரை நமக்கும் குறையுமா?

மூன்று வருடத்துக்கு முன்பு, விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேப்பரில் வந்த ஒரு துணுக்கை வாசித்துக் காட்டினேன். 'சர்க்கரை நோயை விரட்டும் கீரை: ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு. வரப்பிலேயே முளைக்கும் கீரை என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து, அன்று முன்வரிசையில் இருந்த பெரியவரைக் காலில் கட்டுடன் பார்த்தேன். "நீங்க சொன்னதுலேர்ந்து மாத்திரையை விட்டுட்டு கீரைதான் சார் சாப்பிட்டேன். புண்ணு ஆறவே மாட்டேங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தத் துணுக்கைக் கடைசி வரி வரை படித்தேன். சோதனை நடந்தது எலிகளுக்கு. கொடுத்ததும் கீரை அல்ல, அதிலிருந்து வடித்தெடுத்த சாறு. தலைப்பில் எலி இல்லை. நானும் தேடவில்லை.

வயலில் கேட்கிறோமே!

'புது ரகம், இரட்டிப்பு மகசூல்' என்று யாராவது சொன்னால் நாம் சும்மா விடுவதில்லை. எந்த மண், எத்தனை சென்ட், பக்கத்தில் பழைய ரகம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறோம். மருத்துவச் செய்திக்கும் இதே கேள்விகள்தான். இந்த முறையே வயலில் வளர்ந்ததுதான். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்து ஒப்பிடும் முறையை வகுத்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பலன் தருகிறதா என்று பார்த்த பிரிட்டன் சோதனையிலும் நோயாளிகளை அப்படித்தான் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். அதன் முடிவு 1948-ல் வெளியானது.

தவறு எங்கே தொடங்குகிறது?

நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011-ல் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை ஆராய்ந்து, 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. விலங்குச் சோதனை பற்றிய குறிப்புகளில் 36 சதவிகிதம், மனிதருக்கும் அது பொருந்தும் என்று ஆராய்ச்சிக் கட்டுரையைவிட மிகைப்படுத்தியிருந்தன. குறிப்பு மிகையாக இருந்தால் பத்திரிகைச் செய்தியும் பெரும்பாலும் மிகையாகவே வந்தது. வாய்க்காலின் தலைமடையிலேயே கலங்கினால் கடைமடையில் தெளிவு ஏது?

'இரண்டு மடங்கு' என்றால்?

1995-ல் பிரிட்டனில், புது வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்கு என்று செய்தி பரவியது. உண்மையில், 7,000 பெண்களில் ஒருவருக்கு என்று இருந்தது இருவருக்கு என்று ஆகியிருந்தது. 7,000 தென்னையில் ஒரு மரம் காய்ந்த இடத்தில் இரண்டு காய்ந்தது போல. ஆனால், பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடியதாக மதிப்பிட்டார்கள்.

படிக்கும்போது கேளுங்கள்

* சோதனை யாருக்கு? எலிக்கா, மனிதருக்கா?
* எத்தனை பேருக்கு, எத்தனை நாள்?
* மருந்து கொடுக்காத, அல்லது பழைய மருந்து கொடுத்த பிரிவு இருந்ததா?
* 'இரண்டு மடங்கு' என்றால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?
* ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார்? அந்தப் பொருளை விற்பவரா?

செய்தி எழுதுகிறவர்கள் இந்த ஐந்துக்கும் முதல் பத்தியிலேயே பதில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். எலி என்றால் தலைப்பிலேயே எலி என்று போடட்டும். நம் இதழுக்கும் இதையே சொல்கிறேன். சந்தேகமான துணுக்கு கண்ணில் பட்டால், வெட்டி கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள்.

கீரை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்ட பிறகுதான். அந்தப் பெரியவர் மறுபடி மாத்திரை எடுத்துக்கொள்கிறார், புண்ணும் ஆறிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே, நான் வாசித்தது தவறு என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அன்று வராதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.