பூமிக்கடியில் கைமாறும் பாரம்

பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் விசை அதற்குள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ‘டக்’ என்று உடைந்துவிடும். பாறைகளும் இப்படித்தான். என்ன, அவை உடைய நூற்றாண்டுகள் பிடிக்கும்.

துருக்கியின் வடபகுதியில், கிழக்கிலிருந்து மேற்காக 1,000 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. வட அனத்தோலியப் பிளவு என்பது அதன் பெயர். அதற்குத் தெற்கே உள்ள நிலம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேற்கே நகர்கிறது. உங்கள் விரல் நகம் வளரும் வேகம்கூட இல்லை! மிக ஆழத்தில் பாறை சூடாக இருப்பதால் இந்த நகர்வு மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ள சுமார் 15 கிலோமீட்டரில்தான் சிக்கல். அங்கே உராய்வு பிளவின் இரு பக்கங்களையும் பூட்டிவைத்திருக்கிறது. நகர முடியாத பாறை வளைகிறது, இறுக்கம் ஏறுகிறது. இயற்பியலில் இதைத் தகைவு என்பார்கள். 250 ஆண்டுகள் அப்படியே கிடந்தால் 5 மீட்டர் நகர்வு பாக்கி. உராய்வு தோற்கும் நாளில், அந்தப் பாக்கி ஒரு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும்.

அதோடு முடிந்தால் நல்லதுதான். ஆனால் நால்வர் ஒரு மேசையைத் தூக்கிச் செல்லும்போது ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவருக்குப் பாரம் கூடும். பிளவிலும் அதே கதைதான். நழுவிய பகுதியில் இறுக்கம் குறையும். அதன் இரு முனைகளுக்கு அப்பால் கூடும்.

1939இல் எர்சின்ஜான் நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு 1942, 1943, 1944, 1957, 1967 எனப் பெரிய நிலநடுக்கங்கள் படிப்படியாக மேற்கு நோக்கி வந்தன. பாரம் எங்கே ஏறியிருக்கிறது என்று ராஸ் ஸ்டைன், அய்குட் பர்கா, ஜேம்ஸ் டீட்ரிக் ஆகியோர் கணக்கிட்டு 1997இல் வெளியிட்டனர். அவர்கள் சுட்டிய இடங்களில் ஒன்று இஸ்மித். 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்மித் அதிர்ந்தது. 17,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

கணக்குப்படி அங்கே கூடுதலாக ஏறிய இறுக்கம், ஒரு கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் அளவுகூட இராது. விளிம்பில் நிற்கும் பிளவுக்கு அதுவே போதும்.

இஸ்மித்தில் நழுவிய பகுதியின் கிழக்கு முனைக்கு அப்பால் இருப்பது டூஸ்ஜே. அடுத்த ஆபத்து அங்கே என்று பர்கா எச்சரித்தார். முதல் அதிர்வில் இலேசாகச் சேதமடைந்திருந்த சில பள்ளிக் கட்டடங்கள் மூடப்பட்டன. நவம்பர் 12ஆம் தேதி 7.2 அளவிலான நிலநடுக்கம் டூஸ்ஜேயைத் தாக்கியது. மூடிய கட்டடங்களில் சில தரைமட்டமாகின. அறிவியலால் நாள் குறிக்க முடியவில்லை. இடம் குறிக்க முடிந்தது. அது சாதாரண விஷயமல்ல.

மேற்கு முனைக்கு அப்பால்? அங்கே பிளவு மர்மரா கடலுக்கு அடியில், இஸ்தான்புல்லுக்குத் தெற்கே செல்கிறது. அப்பகுதியில் 1766க்குப் பிறகு மிகப் பெரிய நிலநடுக்கம் வரவில்லை. சில இடங்களில் பிளவு சத்தமில்லாமல் நழுவி, பாக்கியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அதை அறியக் கடலடியில் கருவிகளை வைத்து அளந்திருக்கிறார்கள். கரையில் 15 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள்.