நான்காவது ஷிப்டு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவும் பகலும் ஓடும் ஆலைகள் நாளை மூன்று கூறாக்கி வைத்திருக்கின்றன. காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை ஒரு ஷிப்டு. இரண்டு முதல் இரவு பத்து வரை மற்றொன்று. பத்து முதல் விடியற்காலை ஆறு வரை மூன்றாவது. இரும்பை உருக்கும் உலைக்குச் சூரியோதயம் தெரியாது, அஸ்தமனமும் தெரியாது. ஆகவே அதன் முன்னால் நிற்கிற மனிதனும் முறை வைத்து இரவைப் பகலாக்கிக்கொள்கிறான். எட்டு மணி நேரம் கழிந்ததும் அவன் வெளியே வருகிறான். அவன் நின்ற இடத்தில் வேறொருவன் போய் நிற்கிறான்.

இந்த மூன்று ஷிப்டுகளையும் தாங்கிக்கொண்டு நான்காவது ஷிப்டு ஒன்று நடந்துவருகிறது. அதற்குச் சங்கு கிடையாது. வருகை அட்டை கிடையாது. வார விடுமுறை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் மாற்றிக்கொள்ள இன்னோர் ஆள் கிடையாது. ஆலைகளைச் சுற்றி எழும்பியிருக்கும் லைன் வீடுகளில், இரண்டு மூன்று சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாயின் வேலையைத்தான் சொல்லுகிறோம். "நீ என்னம்மா செய்கிறாய்?" என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். "சும்மா வீட்லதான் இருக்கேன், டீச்சர்" என்று பதில் வரும்.

'சும்மா இருப்பது' மிகக் கடினமான காரியம் என்று நம் நாட்டு ஞானிகள் சொல்லிப் போயிருக்கிறார்கள். இந்தத் தாய்மார்கள் சும்மா இருக்கும் விதத்தைப் பார்த்தால் அது முற்றிலும் உண்மை என்றே தோன்றுகிறது.

அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறதென்று கொஞ்சம் திறந்து பார்ப்போம். ஆறு வயதில் ஒன்று, மூன்றரை வயதில் ஒன்று, எட்டு மாதத்தில் ஒன்று என்று மூன்று குழந்தைகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது இன்னாருடைய வீடு என்று யாரும் தேட வேண்டாம். நம்மிடம் படிக்கும் குழந்தைகளின் வீடுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வீடு இது.

கணவனுக்குக் காலை ஷிப்டானால் நான்கு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். ஐந்தரைக்கு அவன் கையில் சாப்பாட்டு டப்பா போய்ச் சேரவேண்டும். அதற்குள் கைக்குழந்தை விழித்துவிடும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டே குழாயடியில் குடங்களை வரிசையில் வைக்க வேண்டும். மூத்தவளுக்குத் தலை பின்ன வேண்டும். காணாமற்போன ஒரு காலுறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்காளுக்குப் பின்னியதைப் பார்த்த இரண்டாவது குழந்தை, தனக்கும் பின்னினாலொழிய வாயில் ஒரு கவளமும் வாங்கமாட்டேன் என்று தரையில் படுத்துக்கொள்ளும். எட்டு மாதக் குழந்தையோ தவழக் கற்றுக்கொண்ட வீரன். தரையில் கிடக்கும் பொத்தானும் பருக்கைக் கல்லும் அவனுக்குப் பக்ஷணம். அவனுக்கு இரண்டு மணிக்கொரு தரம் குழைந்த சோறோ, சத்துமாவுக் கஞ்சியோ, தாய்ப்பாலோ தர வேண்டும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள். ஒருவனுக்கு ஊசி போடுவதற்கு மூவரும் போயாக வேண்டும். ஏனென்றால் மற்றவர்களை விட்டுவிட்டுப் போக இடமில்லை. அன்றிரவு குழந்தைக்குச் சுரம் கண்டால் அந்த ஷிப்டு மறுநாள் காலை வரையில் நீளும்.

ஆயினும் இவையெல்லாம் சாதாரண வாரத்துச் சங்கதி. கணவனுக்கு இரவு ஷிப்டு வரும் வாரமே பரீட்சை வாரம். காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவன் தூங்கியே தீர வேண்டும். தூங்காமற்போனால் மறுநாள் இரவு யந்திரத்தின் முன்னால் கை தவறும். தவறுவது விரலாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். வீடோ ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுந்தான். மூன்றரை வயதுக் குழந்தையிடம், "சத்தம் போடாமல் சிரி" என்று சொல்லிப் பாருங்கள், விஷயம் விளங்கும்! ஆகவே மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், மற்ற இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு அவள் வெளியே போய்விடுகிறாள். அடுத்த வீட்டு வாசற்படியிலும், தெருக்கோடியிலுள்ள வேப்ப மரத்தடியிலும் சித்திரை மாதத்துப் பகற்பொழுதைக் கழிக்கிறாள். அன்றிரவு ஆலையிலிருந்து இத்தனை டன் இரும்பு வெளியே போயிற்று என்று எழுதுகிறார்கள். இரும்பை உண்டாக்கியவன் அவன். அவனுடைய தூக்கத்தை உண்டாக்கியவள் அவள். அந்தப் பதிவேட்டில் இவள் பெயருக்கு இடமில்லை.

"இதென்ன பிரமாதம்? நம் பாட்டிமார் எட்டும் பத்தும் பெற்று வளர்க்கவில்லையா?" என்று கேட்கும் நேயர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டி தனியாக வளர்த்தாளா? மாமியார் இருந்தாள், நாத்தனார் இருந்தாள், பக்கத்து வீட்டில் சித்தி இருந்தாள். தவழும் குழந்தை வாசலைத் தாண்டினால் தெருவே அதைத் தடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தது. வீட்டின் மூத்த பெண் தம்பியை இடுப்பில் சுமந்தாள்; அதற்கு விலையாகத் தன் படிப்பைக் கொடுத்தாள். அந்தக் கணக்கையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவளை இன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். அது நல்ல காரியம்; ஆனால் அவளுடைய இடுப்புக்குப் பதிலாக வேறோர் இடுப்பை நாம் ஏற்பாடு செய்யவில்லை.

திருவள்ளூர் ஜில்லாவில் இந்த மாறுதல் மிக வேகமாக நேர்ந்தது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் வயற்புறத்தின் நடுவே, ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் எழும்பின. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் தொழிற்பேட்டை வந்தது. வேலையைத் தேடி அயல் ஜில்லாக்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், பீஹார், ஒடிசா முதலிய தூர தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ஆண்பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்தது. பெண்பிள்ளைக்குத் தாய்வீடு தூரமாயிற்று. பாஷை தெரியாத பீஹார் தேசத்துத் தாய், குழந்தைக்கு எத்தனை நாளாக வயிற்றுப்போக்கு என்பதை டாக்டரிடம் விரலைக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலை ஒரு மனிதனுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்துக்காக இடம்பெயர்ந்த குடும்பம், ஊரிலே தனக்கு இருந்த நாலைந்து ஜோடிக் கைகளை இழந்துவிட்டது.

இவ்வளவு வேலையையும் உலகம் எப்படிக் கணக்கிடுகிறது? பள்ளிக்கூடத்தில் குழந்தையைச் சேர்க்கும் விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் 'இல்லை' என்றே எழுதியிருக்கும். பொருளாதார சாஸ்திரிகளும் அந்தத் தாய்க்கு அதிக உபகாரம் செய்துவிடவில்லை. ஒருவன் தன் வீட்டுச் சமையற்காரியையே விவாகம் செய்துகொண்டால் தேசத்தின் வருமானம் குறைந்துவிடும் என்ற வேடிக்கையை, ஆங்கிலப் பொருளாதார நிபுணர் பிகூ 1920இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். சமையல் குறையவில்லை, சம்பளம் மட்டும் நின்றுவிட்டது! நம் தஞ்சாவூரிலே பிறந்த ஜே. ஸி. குமரப்பா வேறு விதமாகப் பார்த்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையிலிருந்து எழுதி 1945இல் வெளியிட்ட நூலில், கொள்ளையடித்து வாழ்வது முதல் பிறருக்காக உழைப்பது வரை பொருளாதார முறைகளைப் படிப்படியாக வகுத்தார். அவற்றுள் எல்லாவற்றுக்கும் மேலான சேவை முறைக்குத் தன் குஞ்சைப் பேணும் தாயையே உதாரணமாக வைத்தார்.

சர்க்கார் கணக்கு குமரப்பாவின் வழியே போகவில்லை. 2001ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் 'வேலை செய்யாதோர்' என்ற ஒரே கொட்டடியில் அடைத்திருந்தார்கள். ஸுப்ரீம் கோர்ட் 2010இல் ஒரு தீர்ப்பிலே இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்கு முந்திய வருஷமே சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், விபத்தில் இறந்துபோன ஒரு தாயின் குழந்தைக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கும் வழக்கில், இல்லத்தாளின் உழைப்புக்கு மதிப்பு உண்டென்பதை விரிவாக எடுத்துரைத்திருந்தார். 2023 ஜூனில் அதே கோர்ட்டின் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். மனைவி வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டதனால்தான் கணவனால் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்.

நிமிஷக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. இந்திய சர்க்கார் 2024இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறாள்; ஈடுபடும் ஆண் 88 நிமிஷம். வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் அவளுக்கு 137 நிமிஷம், அவனுக்கு 75. இவை தேசம் முழுவதற்குமான சராசரி. மூன்று குழந்தைகள் உள்ள லைன் வீட்டில் கடிகாரம் எப்படி ஓடும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2023 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. நாளொன்றுக்கு வகுத்தால் 33 ரூபாய். தொகை சிறிதென்று சொல்லுவோர் சொல்லட்டும். அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்ததே பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம். உதவி பெறுகிறவள் கையேந்துகிறாள். உரிமை பெறுகிறவள் கணக்குக் கேட்கிறாள்.

ஆனால் பணத்துக்கு இரண்டு கைகள் முளைப்பதில்லை. அந்தத் தாய்க்கு மிகவும் வேண்டியது மாற்று ஆள். அவளுடைய வேலையில் ஒரு மணி நேரத்தை எது வாங்கிக்கொள்கிறதோ, அதுவே அவளுக்குச் செய்யும் உண்மையான உபகாரம். இந்தத் தராசில் நிறுத்தால் பள்ளிக்கூடத்துக் காலை உணவு மிகக் கனமானது. 2022இல் தொடங்கிய அந்தத் திட்டம், கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15ஆம் தேதி விரிவாக்கப்பட்டது. அதை ஆரம்பித்து வைத்தது நம் திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள கீழச்சேரியில். குழந்தையின் வயிறு நிறைவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதோடு எத்தனையோ அடுப்பங்கரைகளில் காலை நேரத்து அவசரம் ஒரு பங்கு தணிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அங்கன்வாடியும் அத்தகையதே. மூன்றரை வயதுக் குழந்தை அங்கே பாட்டுப் பாடிச் சோறு உண்ணும் சில மணி நேரத்தில், தாய்க்கு ஒரு கை விடுதலையாகிறது. ஆனால் கைக்குழந்தைக்கு அங்கே தொட்டில் இல்லை. ஆலைகளின் நிலை என்ன? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று விதித்தது. ஆனால் அது எண்ணியது பெண் தொழிலாளரை மட்டுமே. ஆயிரம் தகப்பன்மார் வேலை செய்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒருவரும் சேரவில்லை; குழந்தை தாய்க்கு மட்டும் பிறந்தது போல! 2022இல் மத்திய சர்க்கார் வகுத்த 'பால்னா' திட்டம், தாய் வெளி வேலைக்குப் போகிறவளா இல்லையா என்று பாராமல், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்தை உத்தேசித்தது. இரவு ஷிப்டு நடக்கும் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள தெருக்களைப் போல் இதற்குத் தகுந்த இடம் வேறில்லை. ஆலை முதலாளிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து முனைந்தால், ஒரு நல்ல கூடம், ஒரு தொட்டில் வரிசை, இரண்டு ஆயாக்கள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, உலை ஒரு நாள் நின்றால் வரும் நஷ்டத்தை எட்டுமா?

சர்க்காரும் முதலாளியும் செய்யும் வரையில் காத்திருக்கத் தேவையில்லாத சீர்திருத்தம் ஒன்று இருக்கிறது. அது கணவனுடைய கையில் இருக்கிறது. எந்த ஷிப்டு வாரமானாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் குழந்தைகள் மூவரும் அவன் பொறுப்பு என்று வீட்டில் ஏற்பாடாகட்டும். அந்த மணியில் அவள் துணி துவைக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கக் கூடாது. உட்காரலாம், உறங்கலாம், பத்திரிகை படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசலாம். நிமிஷத்துக்கொரு தரம், "இவன் ஏன் அழுகிறான்?" என்று அவளிடமே வந்து கேட்பவன் ஷிப்டை ஏற்றுக்கொண்டவன் ஆகமாட்டான். ஆலையில் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றால் மேஸ்திரி சும்மா விடுவாரா?

தாயைத் தெய்வம் என்று சொல்லுவதில் நமக்கு ஈடு யாருமில்லை. சொல்லுகிறபடி நடத்துவதாயிருந்தால் திருவள்ளூர் வரையில் போய்வந்தால் போதும். அங்கே வீரராகவப் பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டே இருக்கிறார். அப்படிப் படுத்திருக்கும் பெருமாளுக்கே ஓய்வு வேண்டுமென்று நடுப்பகலில் நடை சாத்துகிறார்கள். எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் திறக்கும் நேரம் வரையில் வெளியே நிற்கத்தான் வேண்டும். விடியற்காலை நான்கு மணி முதல் நின்றுகொண்டே இருக்கும் நம் வீட்டுத் தெய்வத்துக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் நடை சாத்திக் கொடுப்போமாக.