கிரேக்கத் தொல்லிடங்கள், மெட்டியோரா மடாலயங்கள்: பேருந்துச் சுற்றுலா

ஏதென்ஸ் நகரில் புறப்பட்டு, பெலொப்பொனேசியத் தீபகற்பத்தையும் நடுக் கிரேக்கத்தையும் சுற்றி மீண்டும் ஏதென்ஸுக்கே திரும்பும் வழிகாட்டியுடன் கூடிய பேருந்துப் பயணம், கிரேக்க நாட்டில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் சுற்றுலா வகைகளுள் ஒன்றாகும். பெரும்பாலும் நான்கு நாள் நீடிக்கும் இப்பயணம் எபிடாரஸ், மைசீனி, ஒலிம்பியா, டெல்பி ஆகிய தொல்லிடங்களையும் மெட்டியோராவின் பாறை உச்சி மடாலயங்களையும் ஒரே வளையத்தில் இணைக்கிறது. மூன்று நாள் பயணங்களில் மெட்டியோரா விடுபடுவது வழக்கம்.

தொல்லியல் இடங்களில் விளக்கம் அளிக்க உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஓட்டுநர் எவ்வளவு நேரம் வண்டி ஓட்டலாம் என்பதையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வரையறுக்கிறது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் மொத்தம் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வழியில் பயணிகளுக்குக் கிடைக்கும் நீண்ட தேநீர் இடைவேளைக்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் நாள்

பேருந்து சாலையின் வரிசையில் செல்கிறது, வரலாற்றின் வரிசையில் அன்று. காலையில் 1893-இல் திறக்கப்பட்ட கொரிந்துக் கால்வாய், அடுத்து கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் எபிடாரஸ் அரங்கு, பிற்பகலில் அதைவிட ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு பழைய மைசீனிக் கோட்டை என்று காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. இந்தக் கால வரிசையை முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளாதவர்களுக்கு எல்லாமே 'பழைய கல்' என்ற ஒரே குவியலாகிவிடும்.

எபிடாரஸ், மருத்துவக் கடவுளான அஸ்கிளீப்பியஸின் தலமாகும். நோயாளிகள் அங்கு இரவில் உறங்கி, கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று காத்திருந்தனர். 55 வரிசை இருக்கைகள் கொண்ட அதன் அரங்கின் நடுவே வழிகாட்டிகள் நாணயத்தைப் போட்டோ தாளைக் கிழித்தோ காட்டி, அந்த ஒலி கடைசி வரிசை வரை கேட்கும் என்பார்கள். 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவிகளால் அளந்தபோது, இத்தகைய மெல்லிய ஒலிகள் பின்வரிசைகளில் தெளிவாகக் கேட்பதில்லை என்று தெரிந்தது. உரக்கப் பேசும் குரல் நன்றாகவே கேட்கிறது. நாடக அரங்குக்கு அதுதானே தேவை!

மைசீனியின் சிங்க வாசல் சுமார் கி.மு. 1250-ஐச் சேர்ந்தது. 1876-இல் ஹைன்ரிக் ஷ்லீமன் இங்கு கண்டெடுத்த பொன் முகமூடி இன்றும் 'அகமெம்னோன் முகமூடி' எனப்படுகிறது. ஆனால் அது திராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிட மூன்று நூற்றாண்டு பழையது. முகமூடியைக் காண ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

ஒலிம்பியா

ஒலிம்பியா மலைக்கோட்டை அன்று, ஆற்றங்கரைச் சமவெளி. நிலநடுக்கத்தில் சாய்ந்த சேயுஸ் கோயிலின் தூண்கள் வரிசையாகச் சரிந்து கிடக்கின்றன. ஆற்று வண்டல் பல மீட்டர் உயரத்துக்கு மூடியதால், 1875-இல் ஜெர்மானியர் முறையான அகழாய்வைத் தொடங்கும் வரை பெரும்பகுதி புதைந்தே இருந்தது. இங்கு ஏற்றப்படும் ஒலிம்பிக் சுடரின் ஓட்டம் பண்டைய வழக்கமன்று. 1936 பெர்லின் போட்டிக்காகத் தொடங்கப்பட்டது.

அங்கிருந்து வடக்கே செல்லும் பேருந்து, 2004-இல் திறக்கப்பட்ட 2,880 மீட்டர் நீள ரியோ–அந்திரியோ பாலத்தின் வழியாகக் கொரிந்து வளைகுடாவைக் கடக்கிறது.

டெல்பி

பர்னாசஸ் மலைச் சரிவில் உள்ள டெல்பியில் அப்பல்லோவின் பெண் பூசாரியான பித்தியா குறி சொன்னாள். போர் தொடுப்பதற்கும் புதிய குடியேற்றம் அமைப்பதற்கும் முன்னர் நகர அரசுகள் இங்கு குறி கேட்டன.

இன்று பயணிகள் நடக்கும் இந்தச் சரிவு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் வாழ்ந்த ஊராக இருந்தது. அதன் பெயர் காஸ்திரி. அப்பல்லோ கோயிலின் மேலேயே வீடுகள் நின்றன. பழைய கற்கள் அவற்றின் சுவர்களில் இருந்தன. 1892-இல் பிரெஞ்சுக்காரர்களின் பெரும் அகழாய்வு தொடங்கியபோது ஊர் முழுவதும் அகற்றப்பட்டு, மேற்கே சற்றுத் தொலைவில் மீண்டும் கட்டப்பட்டது. இழப்பீடு குறித்து ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1896-இல் கிடைத்த வெண்கலத் தேரோட்டிச் சிலை உள்ளிட்ட அரும்பொருள்கள் இந்த அகழாய்வில் வெளிவந்தவையே. சுற்றுலாப் பயணிகள் இரவு தங்கும் விடுதிகள் நிறைந்த இன்றைய டெல்பி ஊர், அவ்வாறு இடம்பெயர்க்கப்பட்ட காஸ்திரிதான். வழிகாட்டிகளில் சிலரே இதைச் சொல்கின்றனர்.

டெல்பிக்கு அருகில் 11-ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் கொண்ட ஓசியோஸ் லூக்காஸ் மடாலயம் உள்ளது. உலகப் பாரம்பரியக் களமாக இருந்தும் பெரும்பாலான பயணத் திட்டங்களில் அதற்கு இடமில்லை என்பது வருந்தத்தக்கது.

மெட்டியோரா

தெசலிச் சமவெளியின் ஓரத்தில், கலம்பகா நகருக்கு மேலே செங்குத்தான பாறைத் தூண்கள் எழுகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் அத்தனாசியோஸ் என்ற துறவி பெரிய மெட்டியோரான் மடத்தை நிறுவினார். ஒரு காலத்தில் 24 மடங்கள் இருந்தன. இப்போது ஆறில் மட்டுமே துறவிகள் வாழ்கின்றனர். அவற்றுள் புனித ஸ்தேவான் மடமும் ருசானு மடமும் பெண் துறவிகளுடையவை. 1920களில் பாறையில் படிகள் வெட்டப்படும் வரை, ஏணியிலோ கயிற்றில் கட்டிய வலையில் அமர்ந்தோதான் மேலே செல்ல முடிந்தது.

சுற்றுலாக் குழுக்கள் பொதுவாக இரண்டு மடங்களையே பார்க்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, சிறு பாலம் வழியே நேராக நுழையக்கூடிய புனித ஸ்தேவான் மடம் ஏற்றது. ஆண்கள் முழுக் காற்சட்டையும் பெண்கள் முழங்காலை மறைக்கும் பாவாடையும் அணிய வேண்டும். மடங்கள் வாரத்தில் வெவ்வேறு நாள்களில் மூடப்படுவதால், எந்த இரண்டு மடங்கள் என்பதைக் கிழமையே முடிவு செய்கிறது. புனித நிக்கோலாஸ் மடத்தில் கிரீட் தீவு ஓவியர் தியோபானிஸ் 1527-இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. சிறிய மடம் என்பதால் பெரிய குழுக்கள் அங்கு அரிதாகவே நிற்கின்றன.

மற்ற இடங்களில் காண்பவை வழிபாடு நின்றுபோன கோயில்கள். இங்கு வழிபாடு தொடர்கிறது. இதனால் எழும் நெருக்கடி சிறியதன்று. 1973-இல் பெரிய மெட்டியோரானின் தலைமைத் துறவி எமிலியானோஸ், தம் சீடர்களுடன் ஆத்தோஸ் மலையிலுள்ள சிமோனோபெட்ரா மடத்துக்குக் குடிபெயர்ந்தார். பெருகிவந்த சுற்றுலாக் கூட்டம் அதற்கான காரணங்களுள் ஒன்று. அதே நேரத்தில் மடங்களின் பராமரிப்புக்கு நுழைவுக் கட்டணம் உதவுகிறது. துறவிகளின் அறைகளும் உட்பகுதிகளும் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருப்பதும் சுவரோவியம் உள்ள வழிபாட்டுக் கூடங்களில் படமெடுக்கத் தடை இருப்பதும் இந்த இரண்டுக்கும் இடையிலான ஏற்பாடே.

திரும்பும் வழி

ஏதென்ஸுக்குத் திரும்பும்போது பேருந்து தெர்மோபைலேயில் சிறிது நேரம் நிற்கும். கி.மு. 480-இல் லியோனிடாஸின் படை பாரசீகரை எதிர்த்து நின்ற இடம் இது. அன்று மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய வழியாக இருந்தது. ஆற்று வண்டல் படிந்து கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கியதால் இன்று அகன்ற சமவெளியாகிவிட்டது. 1955-இல் எழுப்பப்பட்ட லியோனிடாஸ் சிலையின் முன் எல்லோரும் படமெடுத்துக்கொள்கின்றனர். கிரேக்கர்கள் இறுதியாக நின்று போரிட்டதாகக் கருதப்படும் கொலோனோஸ் குன்று சாலைக்கு எதிர்ப்புறம் உள்ளது. 1939 அகழாய்வில் ஏராளமான வெண்கல அம்பு முனைகள் கிடைத்தது அங்கேதான். சாலையைக் கடந்து அக்குன்றின் மேல் ஏற ஐந்து நிமிடம் போதும்.